பாட்டிலுக்குள் மடங்கிக் கிடந்த காளை

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். வேறு யாரோ சொல்லி உங்கள் காதில் விழுவதைவிட நானே சொல்வதுதான் எனக்குக் கௌரவம். என்னுடைய வண்டியையும் நுண்ணோக்கியையும் படம் விழுகிற வெள்ளைத் துணியையும் இன்று எடுத்து நடத்துகிற நீங்கள் மூன்று பேரும் பட்டம் வாங்கியவர்கள். நல்லது, சந்தோஷம். ஆனால் பூவாரிலிருந்து பாறசாலை வரைக்கும், நடுவில் திருப்புறம், செங்கல் என்று எந்த அங்கன்வாடியில் ஏறி "துளி மாமன் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். என்னைத்தான் கைகாட்டுவார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு ஒற்றைச் செல் உயிரியை உயிரோடு காட்டி, அதைச் சிரிக்கவும் வைத்து வீட்டுக்கு அனுப்பிய ஆள் இந்தப் பக்கத்தில் எனக்கு முன்னால் யாரும் கிடையாது.

கண்ணாடித் தகட்டில் துளி வைப்பது, வெளிச்சத்தை ஏற்றி இறக்குவது, குவியம் பிடிப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். அதைச் சொல்லித்தர நான் பேனா எடுக்கவில்லை. படம் துணியில் விழுந்த பிறகு ஒரு பிள்ளை கேள்வி கேட்கும், ஒரு பிள்ளை அழும், வாசலில் ஒரு தகப்பன் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு நிற்பான். அந்த நேரத்தில் தலை எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் தொழில் மைக்செட். அம்பலத்து உற்சவம், சர்ச் கன்வென்ஷன், கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் தங்கய்யன் பெட்டி வைத்தால் அடுத்த ஊர் வரை கேட்கும். பெட்டி பெரிதாக இருக்க வேண்டும், விளக்கு பெரிதாக இருக்க வேண்டும், சத்தம் நெஞ்சில் இடிக்க வேண்டும். அப்படித்தான் நான் பெயர் வாங்கினேன். பிறகு படம் காட்டும் புரொஜெக்டரும் வாங்கி வாடகைக்கு விட்டேன்.

ஒரு பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்கு அந்த புரொஜெக்டரைக் கொண்டுபோனேன். உயிரியல் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒருவர் தன் நுண்ணோக்கியின் தலையில் ஒரு சின்ன கேமராவை மாட்டி, அதை என் புரொஜெக்டரோடு இணைத்தார். குளத்துத் தண்ணீரில் வைக்கோலை ஊறப்போட்டு, அதிலிருந்து ஒரு துளி. அவ்வளவுதான். துணியின் இடது மூலையிலிருந்து செருப்பின் அடிப்பாகம் மாதிரி ஒன்று உருண்டு உருண்டு நீந்தி வந்தது. காலில்லை, கண்ணில்லை, விளிம்பு முழுக்க ரோமம் துடிக்கிறது. சிறப்பு விருந்தினர் மேடை ஏறிவிட்டார்; வரவேற்புப் பாட்டு போட வேண்டிய நான் வாயைத் திறந்துகொண்டு துணியைப் பார்த்து நின்றேன்.

"டீச்சரே, இது என்னதாக்கும்?"

"பாரமீசியம். இதுக்கு உடம்பே ஒரே ஒரு செல்லுதான். நமக்கு கோடிக்கணக்குல உண்டு."

"அப்போ இது ஒரே அறையுள்ள வீடு. அடுக்களையும் படுக்கையும் கக்கூசும் எல்லாம் அதுக்ககத்து."

டீச்சர் சிரித்துவிட்டார். "இத நான் நாளைக்கு கிளாஸ்ல எடுத்துக்கட்டா?" என்று கேட்டார். எடுத்தும்கொண்டார். ஆகவே, "ஒரே அறை வீடு" என்ற பேச்சு என்னுடையது. நீங்கள் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் யாருடையது என்று மறக்காதீர்கள்.

அதற்குப் பிறகு கல்யாண வேலைகளைக் குறைத்தேன். பழைய நுண்ணோக்கி ஒன்றை வாங்கி, கேமரா பொருத்தி, வண்டி பிடித்து ஊர் ஊராகக் கிளம்பினேன். வீட்டில் என் மனைவி, "கல்யாணத்துக்குப் போனா பிரியாணி உண்டு, இதுக்குப் போனா என்ன உண்டு?" என்று கேட்டாள். "பாரமீசியம் உண்டு" என்றேன். அன்று இரவு எனக்குக் கஞ்சி மட்டும்தான் கிடைத்தது.

பெரிய கதைக்குப் போகுமுன் ஒரு சின்ன கதை.

ஒரு சர்ச்சில் கோடை விடுமுறை வேதப்பள்ளி. ஹால் நிறைய பிள்ளைகள். காட்சி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. விளக்கின் சூட்டில் துளி காய்வதை நான் கவனிக்கவில்லை. துணியில் கரை சுருங்கிக்கொண்டே வருகிறது, உயிர்கள் எல்லாம் நடுவில் கூடி நெருக்குகின்றன, வேகம் குறைகிறது, ஒவ்வொன்றாக வெடித்து அடங்குகின்றன. முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றது. காட்சி ஆரம்பித்ததிலிருந்து என் வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த பிள்ளை.

"மாமா, அதுக்கு என்ன?"

பின்னால் நின்ற வேதப்பள்ளி அண்ணன் இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்து, "உறங்குது என்று சொல்லுங்கள்" என்று சைகை காட்டினார். நல்ல மனுஷன், பிள்ளைகள் அழுதுவிடக் கூடாது என்று நினைத்தார். ஆனால் உறங்குகிறது என்று சொன்னால் எழுந்திருக்கும் வரை பிள்ளை காத்திருக்கும். அது எழுந்திருக்கப் போவதில்லை. அதற்குப் பிறகு நான் காட்டும் எதையும் பிள்ளை நம்பாது.

"வெள்ளம் வத்திப்போச்சு மக்கா. அது செத்துப்போச்சு" என்றேன்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது, துணியைப் பார்த்தது, வெளியே ஓடியது. திரும்பி வந்தபோது இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துப் பிடித்துத் தண்ணீர் கொண்டுவந்திருந்தது. வரும் வழியெல்லாம் ஒழுகி, மிச்சம் ஒரு வாய் அளவு.

"இன்னா வெள்ளம். வேகம் ஊத்தும்!"

நான் புதுத் துளி ஒன்றை வைத்தேன். சொட்டு மருந்து விடுகிற குழாயை அதன் கையில் கொடுத்து, "கரை சுருங்கினா ஒரு சொட்டு விடணும், நீதான் இதுக்கு அதிகாரி" என்றேன். காட்சி முடியும் வரை அந்தப் பிள்ளை கண் இமைக்கவில்லை. என் வயரும் தப்பித்தது. அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் அதிகம் குறும்பு செய்யும் பிள்ளை யார் என்று முதலில் கேட்பேன், சொட்டுக் குழாய் அதற்குத்தான். இன்றைக்கு நீங்களும் அதைச் செய்கிறீர்கள். ஏன் செய்கிறோம் என்று இப்போது தெரிந்திருக்கும்.

இனி செங்கல் பக்கத்து அங்கன்வாடிக்கு வருகிறேன்.

அங்கே டீச்சர் நல்ல துடிப்பான ஆள். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகும் வராந்தாவில் உட்கார்ந்து அட்டை வெட்டிக்கொண்டிருப்பார். "அண்ணா, எங்க பிள்ளியளுக்கும் ஒரு தடவ காட்டணும். சாயங்காலம் வச்சா அம்மாமாரும் வருவாங்க" என்று கூப்பிட்டார். மீன மாதம், நல்ல வெயில் காலம்.

நான் மைக்செட்காரன் அல்லவா, சும்மா போவேனா? புதிதாக ஒரு துணி தைத்தேன். பழையதைப் போல இரண்டு மடங்கு. புரொஜெக்டரும் புதிது. ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, செல்வன் என்கிற டிரைவரை வைத்து ஊர் முழுக்க அறிவிப்பு. பேசியது நான்தான்: "அன்பார்ந்த நாட்டுகாரே! இன்று மாலை, உயிருள்ள அமீபா! யானையைப்போல் வலிய அமீபா! நேரில் காண வருவீர்!" மலையாளத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. நான் காட்டப்போனது பாரமீசியம்தான். ஆனால் அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் எடுபடாது. அமீபா என்றால் எல்லோருக்கும் தெரியும்.

எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் அங்கே சிக்கலாகிவிட்டது. குளத்தில் குளித்தவர்களுக்கு அமீபா காய்ச்சல் வந்த செய்தி பத்திரிகையிலும் போனிலும் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. இப்படி ஒரு சமயத்தில் உயிருள்ள அமீபாவுக்கு ஒலிபெருக்கி கட்டி ஆள் கூப்பிட ஒரு மைக்செட்காரனால்தான் முடியும். என்ன செய்ய, கூட்டம் சேர்ப்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. கூட்டமும் சேர்ந்தது. முற்றத்தில் நிற்க இடமில்லை.

படம் விழுந்ததும் பிள்ளைகள் அலறினார்கள். புதுத் துணியில் அந்த உயிர் ஒரு முழுக் காளையின் அளவுக்கு வந்தது. ஒன்று உருண்டு வர, பின்னாலேயே இன்னொன்று. அலறல் கூடக்கூட எனக்கு உற்சாகம். உற்சவத்தில் வெடிக்கட்டுக்கு அலறுவார்களே, அப்படி என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் பெரிதாக்கினேன். முடிந்ததும் டீச்சர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். என்ன ஒரு காட்சி என்று எனக்கு நானே பேசிக்கொண்டே வண்டி ஓட்டிப் போனேன்.

மறுநாள் காலை டீச்சர் போன் செய்தார். குரலே வேறு மாதிரி இருந்தது.

"அண்ணா, கொஞ்சம் வரணும். பிள்ளிய வெள்ளம் குடிக்க மாட்டேங்குது."

"ஆரு?"

"கொஞ்சம் பேரு. மத்ததெல்லாம் அடிச்சும் கொஞ்சியும் குடிக்க வச்சாச்சு. அபிஷா மட்டும் நேத்து ராத்திரியிலேருந்து ஒரு துள்ளி எறக்கல்ல. சோறும் வேண்டாம்னுட்டா. இங்க எல்லாரும் கூடி நிக்கியாங்க. அண்ணா... மேல ஆபீசுல இருந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

டீச்சர் யாரிடமும் எழுதி அனுமதி வாங்காமல் என் மேல் உள்ள நம்பிக்கையில் கூப்பிட்டவர். அந்த வேலையை நம்பித்தான் அவர் வீடு ஓடுகிறது. நான் பல் தேய்த்தேனா என்று நினைவில்லை. பெட்டியைத் தூக்கி வண்டியில் போட்டேன், பழைய சின்னத் துணியையும் எடுத்துக்கொண்டேன்.

முற்றத்தில் கால் வைத்ததும் என்னை முதலில் வரவேற்றவர் யார் தெரியுமா? முந்தின நாள் எனக்கு ஆட்டோ ஓட்டிய அதே செல்வன். அபிஷாவின் அம்மா ஷைனிக்கு அண்ணன் அவர்.

"வந்துட்டாரா யானைக்காரரு! எனக்க மருமவ தொண்ட வறண்டு கெடக்கியா. நாட்டுல அமீபான்னு கேட்டாலே ஆளு பேடிச்சு நிக்கிய நேரத்துல, மைக்செட்டுக்காரருக்கு அமீபா எதுக்காக்கும் வே?"

"செல்வா, ஒலிபெருக்கி கெட்டிக்கிட்டு ஊரு சுத்தினது நீராக்கும்."

"நான் ஓட்டினேன். பறஞ்சது நீரு!"

பதில் சரியாகத்தான் இருந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள், மற்றவர்கள் சிரிக்கவில்லை. "அந்தப் பெட்டிய உடைச்சு ஓடையில எறியணும்" என்று ஒரு குரல். "டீச்சர மாத்தணும்" என்று இன்னொரு குரல். அதைக் கேட்டு டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். துணைச் சுகாதார நிலையத்துச் சிஸ்டரும் வந்திருந்தார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வெயில்ல சின்ன உடம்பு தாங்காது. உச்சிப்பொழுதுக்குள்ள குடிச்சா நல்லது. இல்லேன்னா நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோய் டிரிப் போடணும்" என்றார்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். பெட்டிக்குள் மைக் இருந்தது. அதை எடுத்து என் தொண்டையில் நான் பேசியிருந்தால் அந்த முற்றத்தை அடக்கியிருப்பேன். கட்சிக் கூட்டத்தில் கல் வந்த இடத்திலேயே அடக்கியவன் நான். கை அதற்காகத்தான் துடித்தது. ஆனால் சத்தம் போடுகிறவர்கள் யாரும் தண்ணீர் குடிக்காமல் இல்லை. காலையில் எல்லோரும் சாயா குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். குடிக்காதது உள்ளே இருக்கிற ஒரு பிள்ளை. நெருக்கடியில் சத்தம் வருகிற பக்கம் திரும்பத்தான் தோன்றும். திரும்பாதீர்கள். பயந்திருப்பது யார் என்று பாருங்கள், முதல் பதில் அவருக்கு.

"சிஸ்டரே, இவியளுக்கு அந்தக் காய்ச்சலப் பத்தி நீங்க பறயுங்க. நான் பிள்ளையப் பாக்கேன்" என்று உள்ளே போனேன்.

சிஸ்டர் சுருக்கமாகச் சொன்னது எனக்கு உள்ளேயே கேட்டது. "காய்ச்சல் உண்டாக்கியது வேற இனம். அது குடிச்சு வாறதில்ல. கலங்கிக் கெடக்குற வெள்ளத்துல முங்கும்பம் மூக்கு வழி கேறுறது. பிள்ளியள அழுக்குக் குளத்துல எறக்காதீங்க, குடிக்கியத காய்ச்சிக் குடியுங்க." கூட்டத்தின் சத்தம் பாதியாகக் குறைந்தது. அவர் வேலையை அவர் செய்தார், என் வேலை உள்ளே இருந்தது.

அபிஷா அந்த அங்கன்வாடியிலேயே சின்னப் பிள்ளை. வரிசையில் முதலில் நிற்பாள், விளையாட்டில் கடைசியில் சேர்ப்பார்கள், யாரும் கேட்காமலே தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார்கள். அம்மா மடியில் உதடு காய்ந்து கிடந்தாள். பக்கத்தில் அவளுடைய பாட்டில். பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் இங்கே எல்லா வீட்டிலும் உண்டே, அந்த இளஞ்சிவப்புத் தண்ணீர்.

நான் தரையில் உட்கார்ந்தேன்.

"மக்கா, நேத்து துணியில என்ன கண்டா?"

வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். ஷைனி, "சொல்லு பிள்ளே, மாமன் கேக்காருல்ல" என்று உலுக்கினாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே இரண்டு கைகளையும் விரித்தாள்.

"காள. நம்ம பசுவக் காட்டியும் வலுது."

"அது இப்பம் எங்க உண்டு?"

பாட்டிலைக் காட்டினாள்.

"இதுக்ககத்தா? இத்தர வலிய காள இந்தச் செறிய பாட்டிலுக்ககத்து எப்பிடி இருக்கும்?"

என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இவ்வளவு வயதாகியும் இது தெரியாதா என்பது போல ஒரு பார்வை.

"மடங்கிக் கெடக்கும்" என்றாள். "வயித்துக்குள்ள போனா நிமிந்துரும்."

அவ்வளவுதான் விஷயம். ஷைனிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் சிரிக்கவில்லை. பிள்ளையின் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நான் காளையைக் காட்டினேன், தண்ணீருக்குள் இருக்கிறது என்று சொன்னேன். அவள் கண்ட அளவையும் விடவில்லை, என் பேச்சையும் தள்ளவில்லை. இரண்டும் நிற்க வேண்டுமானால் காளை மடங்கத்தான் வேண்டும். இந்தத் தொழிலில் மற்றவர்களுக்கு முன்னால் ஒன்றைக் கண்டுபிடித்தவன் என்று நான் நெஞ்சைத் தட்டிக்கொள்வது இந்த இடத்தை வைத்துத்தான். பெரிதாக்கிக் காட்டுகிறோம் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைக்குத் தெரியாது. துணியில் கண்ட அளவே அந்த உயிரின் அளவு என்று அது எடுத்துக்கொள்ளும்.

ஜன்னலை எல்லாம் சாத்தி, பாயைக் கட்டி மறைத்து, சின்னத் துணியை மாட்டினேன். நேற்றைய வைக்கோல் தண்ணீரில் ஒரு துளி வைத்த கண்ணாடித் தகட்டை அவள் கையிலேயே கொடுத்தேன். "இன்னா, இந்தத் துள்ளிதான் அங்க தெரியப்போவுது. இதுக்ககத்து காள உண்டா?"

உற்றுப் பார்த்தாள். "உண்டு. மடங்கிக் கெடக்குது."

தோற்றேன். விரல் நுனியைக் காட்டினேன், அரிசி மணியைக் காட்டினேன், எதற்கும் அதே பதில். வெளியே செல்வன், "அகத்து என்ன நடக்குது, பூசையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். உச்சி நெருங்குகிறது. வார்த்தையால் முடியாது என்று தெரிந்துவிட்டது. அவளுக்கு அளவு நன்றாகத் தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். அது அவளுடையதாகவே இருக்க வேண்டும். அதை அந்த உயிரின் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அவள் சட்டையைப் பார்த்தேன், வளையலைப் பார்த்தேன். தோளில் ஒரு தலைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சரே, அத எடுங்க."

டீச்சர் எடுத்து அவள் கண்ணுக்கு முன்னால் பிடித்தார்.

"இது ஆருக்க முடி?"

"எனக்க முடி."

"வலுதா, செறுதா?"

"முடி செறுதுல்லா" என்றாள், கொஞ்சம் எரிச்சலோடு.

"நீயே வை."

தொட மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் தன் முடியை வேறு யாரும் எடுத்துக்கொண்டு போவதில் அவளுக்கு விருப்பமில்லை. இரண்டு விரலால் பிடித்துத் துளியின் மேல் போட்டாள். நான் தகட்டை நுண்ணோக்கியில் வைத்து, வெளிச்சத்தைத் திறந்தேன்.

துணியின் குறுக்கே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், ஒரு தென்னந்தடி விழுந்து கிடந்தது.

"தெங்கு!" என்று கத்தினாள்.

"தெங்கு இல்ல மக்கா. நீ இப்பம் வச்ச முடி."

தலையைத் தொட்டுப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். மறுபடி தலையைத் தொட்டாள். "எடுங்க" என்றாள். எடுத்தேன், தெங்கு போய்விட்டது. "வையுங்க." வைத்தேன், தெங்கு வந்துவிட்டது. எடு, வை, எடு, வை என்று என்னைப் படாதபாடு படுத்தினாள். இந்த இடத்தில் ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. நீங்களும் பேசக் கூடாது. பிள்ளைக்கு வேலை நடந்துகொண்டிருக்கிறது.

அப்போது இடப்பக்கத்திலிருந்து அவன் வந்தான், செருப்பு உடம்புக்காரன். நேற்றைய காளை. நேராக வந்து முடியில் முட்டினான். பின்னால் போனான். கொஞ்சம் திரும்பி, மறுபடி வந்து முட்டினான், மறுபடி பின்னால் போனான். முட்டினால் பின்வாங்கி வேறு வழி தேடுவது அந்த உயிரின் பழக்கம், உங்களுக்குத் தெரியும். அது பயமா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அபிஷாவுக்குச் சந்தேகமே இல்லை. அம்மா மடியிலிருந்து குதித்து எழுந்தாள்.

"அம்மா, அது எனக்க முடியக் கண்டு பேடிச்சு ஓடுது!"

ஷைனி வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுதாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

அதற்கு மேல் என்னை யாரும் நடத்தவில்லை, அவள்தான் நடத்தினாள். தன் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "இதுலயும் பாக்கணும்." பாட்டில் தண்ணீரில் ஒரு துளி வைத்தேன். முடியையும் அவளே போட்டாள். துணியில் தெங்கு மட்டும் தனியாகக் கிடந்தது. தகட்டை மெல்ல நகர்த்தி ஒவ்வொரு மூலையாகக் காட்டினேன்.

"ஆளு இல்ல" என்றாள்.

"வேற துள்ளி வைக்கட்டா?"

"வையுங்க."

அதிலும் ஆள் இல்லை. பொய் சொல்லவில்லை நான், காய்ச்சி மூடி வைத்த தண்ணீர், அந்தக் கண்ணாடியில் பார்க்க ஒன்றும் இல்லைதான். இன்னொன்று கேட்டாள், அதையும் வைத்தேன். திருப்தியானதும் மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் பாட்டிலைத் தூக்கி, கழுத்தெல்லாம் வழிய வழிய மடமடவென்று குடித்தாள். "பைய பிள்ளே, பைய!" என்று சிஸ்டர் ஓடிவந்தார். அதற்குள் பாதி உள்ளே போய்விட்டது.

பாயை விலக்கிவிட்டு மற்றப் பிள்ளைகள் உள்ளே பாய்ந்தார்கள். எனக்க முடி, எனக்க முடி என்று தலையைப் பிய்க்கத் தொடங்கினார்கள். செல்வனும் வந்து நின்றார். அவருக்கும் பார்க்க ஆசை. ஆனால் தலை நல்ல வழுக்கை. சுற்றிலும் பார்த்துவிட்டு மீசையில் ஒன்றைப் பிடுங்கி நீட்டினார். "ஒண்ணும் மனசுல வைக்காதயும் அண்ணே, இதயும் ஒண்ணு பாத்துருவோம்." துணியில் பனந்தடி மாதிரி விழுந்தது. "பாத்தியாடி, உனக்க மாமன் மீச!" என்று மருமகளிடம் பெருமை அடித்தார். பெட்டியை உடைக்கச் சொன்னவர் அடுத்ததாக வரிசையில் நின்றார், பெயர் சொல்ல மாட்டேன்.

டீச்சரை யாரும் மாற்றவில்லை. அதற்குப் பதில் அடுத்த மாதம் பக்கத்து அங்கன்வாடிக்காரர்கள் அவரிடம் வந்து என் போன் நம்பர் கேட்டார்கள். அந்தப் பெரிய துணியைச் சுருட்டி ஒரு பந்தல்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் பெரிய துணி இல்லையே என்று நீங்கள் என்னைக் கேட்டீர்களே, விஷயம் இதுதான். முதலில் பிள்ளையின் தலைமுடி, பிறகுதான் மற்ற எதுவும். இதைப் பெரிய படிப்பாளிகள் வந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். எழுதட்டும். கண்டுபிடித்தவன் தங்கய்யன்.

எல்லாம் முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். புரொஜெக்டர் வெளிச்சம் இன்னும் அணையவில்லை. அபிஷா அதற்கு முன்னால் போய் நின்றாள். அவள் நிழல் துணி முழுவதையும் அடைத்தது. தெங்கும் காணோம், காளையும் காணோம். அவள் அதைப் பார்த்து, கையைத் தூக்கினாள், இறக்கினாள்.

"மாமா, எனக்க முடி அதுக்குத் தெங்குன்னா, நான் எத்தர வலுது?"

இந்தத் தொழிலில் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதற்கு மட்டும் வயரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் குந்தினேன். "அது நினைச்சாலும் காண முடியாத அத்தர வலுது மக்கா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள், ஏற்கெனவே தெரியும் என்பது போல.

வெளியே முந்தின நாள் இரவு பெய்த கோடை மழையில் பாதை ஓரமெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஷைனி வழக்கம்போல அவளைத் தூக்கக் குனிந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டாள். முன்னால் தானே நடந்தாள். தேங்கிய தண்ணீர் பக்கம் வந்ததும் நின்று, திரும்பி, அம்மாவையும் செல்வன் மாமனையும் பார்த்து விரலை உயர்த்தினாள்.

"பைய நடங்க. கீழ ஆளு உண்டு."

ஷைனி சேலையைத் தூக்கிப் பிடித்து ஓரமாகப் போனாள். அவளுக்குப் பின்னால், காலையில் என்னிடம் சண்டைக்கு வந்த செல்வன், அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, பெருவிரலை ஊன்றி ஊன்றி நடந்து போனார்.